மூக்கைப் பொத்தாதே பாட்டும் ஒரு ரூம் ஃப்ரெஷ்னரும்

"கோபம் வேணும். ஆனா யார் மேலயும் கோபம் வேண்டாம்." எங்கள் ராக் பேண்டை வைத்து விளம்பரம் எடுக்க வந்த ரூம் ஃப்ரெஷ்னர் கம்பெனியின் மார்க்கெட்டிங் மேடம் முதல் மீட்டிங்கில் இந்தியிலும் இங்கிலீஷிலும் கலந்து சொன்னதன் சாரம் இதுதான். நான் பலமாகத் தலையாட்டி அதை நோட்டில் வேறு எழுதிக்கொண்டேன்.

எனக்கு அந்தேரியில் ஒரு விளம்பர ஏஜென்சியில் வேலை. பிறந்து வளர்ந்தது தாராவி, இப்போது குடியிருப்பது செம்பூர். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மட்டும் அரை நாள் லீவு எழுதிவிட்டு, அதற்குப் பதிலாக சனிக்கிழமை முழுவதும் ஆபீசில் மாரடிப்பேன். ஏனென்றால் வெள்ளிக்கிழமைதான் தாராவியில் மாமாவின் கடை பூட்டியிருக்கும்.

கடை என்றால் தோல் பைகள் தைக்கிற ஒர்க் ஷாப். மாமா திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். என் அப்பாவுக்கு அடுத்த தெருக்காரர் என்பதால் எனக்கு மாமா, நான் அவருக்கு மருமகன். வியாழன் சாயங்காலமே மிஷின்களுக்கு உறை போட்டுத் தரையைச் சோப்புத்தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவார்கள். வெள்ளி காலையில் சாம்பிராணி போட்டு, மதியம் நான் வந்ததும் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத் தொழுகைக்குக் கிளம்புவார். பிறகு நாலு மணி வரைக்கும் நாங்கள் நாலு பேர் மிஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டுக் காது கிழிய வாசிப்போம். தோலும் ஒட்டுப்பசையும் சாம்பிராணியும் கலந்த அந்த வாசனைதான் எங்கள் பேண்டின் வாசனை.

எங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டு மாமாவால் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, சேரி பார்க்க வருகிற டூர் கும்பல் ஒன்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றது. மாமா வழியை மறித்து இந்தியில் அவர்களிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு எங்களிடம் திரும்பினார். "மூக்கப் பொத்திக்கிட்டு உள்ள வராதீங்கன்னுட்டேன். இது என் கடைல்லா, கக்கூஸா?" என்றார். அன்றைக்கே அந்த வாக்கியத்தைச் சுற்றி ஒரு பாட்டு எழுதினேன். எங்கள் பாடகி வடாலாக்காரி. தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவளுக்காகப் பாட்டை இந்தி எழுத்தில் போனில் அடித்துக் கொடுத்தேன். மாட்டுங்காவில் ஒரு காலேஜ் விழாவில் அவள் தொண்டை கிழிய "மூக்கைப் பொத்தாதே" என்று கத்தியபோது தமிழே தெரியாத பிள்ளைகளும் கூடக் கத்தினார்கள். மாமா அந்த வீடியோவைத் தோல் வியாபாரிகளுக்கெல்லாம் காட்டுவார். "இது நம்ம சொன்னதாக்கும்" என்பார். அவர் கடையைப் பற்றி ஊர் பேசிய எல்லாவற்றுக்கும் அவர் கொடுத்த பதில் அந்த ஒரு வரிதான். அதை விற்றவன் நான்.

ஏஜென்சிக்கு அந்த ரூம் ஃப்ரெஷ்னர் வந்தபோது என் பேண்டையே நான் சிபாரிசு செய்தேன். அதற்காக முப்பது ஸ்லைடு தயாரித்தேன். ஆதென்டிக், ரா, எட்ஜி என்று என் நண்பர்களுக்குப் பட்டம் கட்டினேன். ஆறாவது ஸ்லைடில் "நாற்றத்திலிருந்து எழுந்த இசை" என்று எழுதியிருந்தேன். எந்த நாற்றம்? வாரம் தவறாமல் நான் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு நுழைகிற கடை அது. ஆனால் மீட்டிங்கில் அந்த ஸ்லைடுக்குத்தான் கைதட்டினார்கள், நானும் பல்லை இளித்தேன்.

பிறகு பாட்டில் கை வைத்தார்கள். "பொத்தாதே" என்பது நெகட்டிவாம், வாடிக்கையாளரைத் திட்டுவது போல இருக்கிறதாம். "மூச்சை இழு மச்சி" என்று மாற்றச் சொன்னார்கள். மாற்றிக் கொடுத்ததும் நான்தான். பாடகி போனில் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னல இது, நம்ம பாட்டுக்கே செண்ட் அடிக்கியா?"

"ஒரு விளம்பரம்தான். அப்புறம் ஆல்பத்துக்கு ஸ்டூடியோ கெடைக்கும்லா" என்றேன்.

"நம்ம வரிய ஒரு தடவையாவது பாடுவேன். அதுக்கு ஒத்துக்கிட்டா வாரேன்."

"பேசிட்டேன், சரின்னுட்டாங்க" என்றேன். நான் யாரிடமும் பேசவில்லை. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிறவனுக்குப் பொய் ஒரு பொருட்டா?

ஷூட்டிங்கை ஒரு வெள்ளிக்கிழமை மாமாவின் கடையிலேயே வைத்தார்கள். ஆள்கள் வருகிறார்கள் என்றதும் மாமா கல்யாண வீட்டுக்கு அடிப்பதுபோல நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்துவிட்டார். இங்கிலீஷில் இருந்த சம்மதப் பத்திரத்தில் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். "மருமவன் சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பினார்.

மேடம் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள். முகம் தொங்கிவிட்டது. "ரொம்ப க்ளீனா இருக்கே. தாராவி ஃபீல் எங்கே?" என்றாள். ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆள்கள் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார்கள். டெம்போவிலிருந்து மூன்று சாக்குகள் இறங்கின. அந்தேரியிலிருந்து ஏற்றி வந்த குப்பை. ஒவ்வொரு சாக்குக்கும் நம்பர் போட்டிருந்தார்கள். கிழிந்த பிளாஸ்டிக், அழுக்குத் துணி, இளநீர்க் கூடு எல்லாவற்றையும் கழுவின தரையில் கொட்டினார்கள். காபித்தூளைத் தண்ணீரில் கரைத்துப் புதுச் சுவரில் வழியவிட்டார்கள். சாக்குக்குள் எதுவோ உண்மையாகவே அழுகியிருந்தது. தாங்கள் கொண்டுவந்து கொட்டிய குப்பையின் வீச்சம் தாங்காமல் மேடம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு நான் மானிட்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

தொழுகை முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் மாமா திரும்பி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். பரணில் தங்குகிற தன் வேலையாட்கள்தான் பரணைக் காலி செய்து இங்கே கொட்டிவிட்டார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். நேராக மேடத்திடம் போய்க் கைகூப்பினார். "மாஃப் கரனா மேடம்" என்று ஆரம்பித்து, பையன்கள் குப்பையாக்கிவிட்டார்கள், என் கடை இப்படி இருக்காது, பத்தே நிமிஷம் கொடுங்கள் என்று இந்தியில் கெஞ்சினார். மூலையிலிருந்து விளக்குமாற்றை எடுத்து, வெள்ளை ஜிப்பாவோடு குனிந்து பெருக்க ஆரம்பித்தார்.

மேடம் கேமராமேனின் தோளைத் தட்டினாள். "ரோல், ரோல்! இதுதான் வேணும்!"

பாடகி மைக்கைக் கீழே வைத்துவிட்டு மாமாவிடம் போனாள். கேமராவுக்குக் குறுக்கே போகவிடாமல் யாரோ அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். அவள் உதறிக்கொண்டு வெளியே நடந்தாள். போகிறபோது என்னைப் பார்த்த பார்வையில் திட்டுகூட இல்லை.

விளம்பரம் வெளியானபோது அவள் பாடியது ஒரு வரியும் அதில் இல்லை, பின்னணியில் எங்கள் கிடார் மட்டும் வந்தது. மாமா குனிந்து பெருக்குகிறார், மெதுவாக, மிக மெதுவாக. பிறகு ஒரு பெண் கை நீண்டு ரூம் ஃப்ரெஷ்னரைப் புஸ்ஸென்று அடிக்கிறது. அவர் நிமிர்ந்து பார்க்கிறார். திரையில் எழுத்து: "உங்கள் கதை, உங்கள் நறுமணம்." ஆபீசில் எனக்குக் கேக் வெட்டினார்கள். நானும் தின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலு பேரும் கடைக்குப் போனோம். பாடகி எனக்காக வரவில்லை, மாமாவைப் பார்க்க வந்தாள். வழக்கமாகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிற மாமா அன்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சுவரில் காபிக்கறைமேல் இன்னொரு தடவை சுண்ணாம்பு அடித்திருந்தார்.

"மருமவனே, அந்தக் குப்பை டெம்போல வந்துச்சாமே. எதுத்த டீக்கடைக்காரன் சொல்லுதான். நெசமா?"

"ஆமா மாமா."

"நான் பையனுவள அன்னைக்கு அடிக்கவே போயிட்டேன், தெரியுமா? ஒருத்தன் அழுதுட்டான். சரி, அது போட்டும்." ஸ்டூலை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "அந்தம்மாகிட்ட நான் கையக் கூப்பி மன்னிப்புக் கேக்கேன். நீ பாத்துக்கிட்டுத்தான நின்ன? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

முப்பது ஸ்லைடு எழுதினவன் நான். அன்றைக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"ஷூட்டிங் நின்னு போயிரும்னு பயந்தேன் மாமா."

"அப்படியா" என்றார். எழுந்து, எப்போதும்போல சாவியை நீட்டினார். ஆனால் என்னைத் தாண்டி, பாடகியிடம் நீட்டினார்.