இருபது கிலோமீட்டர் வட்டம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். தலைக்கனம் அதற்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். நாகர்கோவிலுக்கு வடக்கே, பூதப்பாண்டி போகிற சாலையோரம் இருக்கும் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் புவியியல் ஆசிரியை. அங்கே ஜி.ஐ.எஸ். என்கிற புவியியல் தகவல் அறிவியலை முதன்முதலில் பாடமாகக் கொண்டுவந்தது நான்தான். இதை யாரும் கேட்காமலே சொல்வேன். கேட்டால் இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன்.

வரைபடம் என்பது சுவரில் மாட்டுவதற்கு மட்டும் இல்லை என்று முதல் வகுப்பில் ஆரம்பித்தேன். சாலை, குளம், வீடு, மழை என்று ஓர் இடத்தைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் தனித்தனி அடுக்காகப் போட்டு, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, அதனிடம் கேள்வி கேட்கலாம், அது பதில் சொல்லும் என்றேன். பத்தொன்பது மாணவிகளும் என்னைப் பார்த்த பார்வையில், இந்த மிஸ் இன்னும் எவ்வளவு நேரம் பேசுவார் என்ற ஒரே கேள்விதான் இருந்தது. சரி, செய்துதான் பார்ப்போம் என்று, அவரவர் வீடு இருக்கும் இடத்தின் எண்களைக் கைப்பேசியில் கண்டுபிடித்து என் அட்டவணையில் நிரப்பச் சொன்னேன். நிரப்பினார்கள். பொத்தானை அழுத்தினேன். மாவட்டத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

படத்தைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி உலகம் முழுவதும் தேடினோம். பத்தொன்பது வீடுகளும் வட துருவத்துக்குப் பக்கத்தில், பனிக்கடலின் நடுவில் கும்பலாக மிதந்துகொண்டிருந்தன. நம் ஊர் அட்சரேகை எட்டு, தீர்க்கரேகை எழுபத்தேழு. இடம் மாற்றிப் போட்டால் அங்கேதான் போய் விழும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாதா என்று பத்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அதற்குப் பிறகுதான் கவனித்தேன், அட்டவணையின் தலைப்புகளை மாற்றி எழுதியிருந்தது நான்.

வகுப்பில் ஒரு குளச்சல்காரி உண்டு. வாய் சும்மா இருக்காது. ஆனால் கணினியில் அவள் கை வைத்தால் வேலை முடிந்துவிடும். அவள்தான் என்னைக் காப்பாற்றினாள்.

"பரவாயில்ல மிஸ். எனக்க வீட்டுப் பக்கமும் கடலுதானே."

எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் பொறுத்து நானும் சிரித்தேன். வேறு வழி இல்லை.

அந்த ஆண்டு ஜூனில் ஹாஸ்டல் வார்டன் அழாத குறையாக என் அறைக்கு வந்தார். இருபது கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் ஹாஸ்டலில் இடம் இல்லை என்பது கல்லூரியின் பழைய விதி. ஆனால் யாரும் அளந்து பார்த்ததில்லை. சபையின் பாஸ்டரிடம் கடிதம் வாங்கி வந்தால் வீடு ஐந்து கிலோமீட்டர் தள்ளிப்போகும். ஜமாத்தில் வாங்கி வந்தால் இன்னும் ஐந்து. வார்டு உறுப்பினரே நேரில் வந்தால் வீடு திருநெல்வேலிப் பக்கம் போய்விடும். கட்டிலோ கொஞ்சம்தான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது எனக்குப் பழக்கம். "கடிதமெல்லாம் ஓரமாக வையுங்கள், வரைபடம் முடிவு செய்யும்," என்றேன்.

ஒரே ஒரு பாடவேளைதான் ஆயிற்று. ஒரு புள்ளியைச் சுற்றி இத்தனை தூரம் என்று சொன்னால் மென்பொருள் கண் இமைப்பதற்குள் வட்டம் போட்டுவிடும். குளச்சல்காரி கல்லூரியை நடுவில் வைத்து இருபது கிலோமீட்டர் வட்டம் போட்டாள். ஹாஸ்டல் கேட்டவர்களின் வீடுகளில் உள்ளே விழுந்த புள்ளிகளுக்கு இடம் இல்லை, வெளியே விழுந்தவற்றுக்கு உண்டு. குளச்சல் வெளியே விழுந்ததால் அவளுக்கே ஒரு கட்டில் கிடைத்தது. பட்டியலை ஒட்டினோம். யாரும் வாதாட முடியவில்லை. வட்டத்தோடு யார் சண்டை போடுவார்கள்? பாடத்தின் பயனை ஒரு மணி நேரத்தில் நிரூபித்துவிட்டதாக ஆசிரியர்கள் அறையில் நான் சொல்லாத ஆள் இல்லை.

மூன்று வாரம் கழித்து, முதல் மணி வகுப்புக்கு ஒரு மாணவி தினமும் இருபது நிமிடம் பிந்தி வருவதைக் கவனித்தேன். கீரிப்பாறைக்கு மேலே ரப்பர் எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டிலிருந்து வருகிறவள். அதிகம் பேசமாட்டாள். பிந்தி வந்தால் ஆப்சென்ட் என்பது என் சட்டம். வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தேன். வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்று அலுவலகத்திலிருந்து அவள் பெயருக்கு எச்சரிக்கையும் வந்துவிட்டது. அன்றும் பிந்தி வந்து வாசலில் நின்றாள். என் நாக்கு சும்மா இருக்கவில்லை. வீடு வட்டத்துக்குள்ளேதானே இருக்கிறது, பிறகென்ன தாமதம் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"வட்டத்துல கோடு நேரா போவுது மிஸ். எங்க பஸ்ஸு அப்பிடி வராது."

என் வட்டம் மலைக்கு மேலே பறந்து போயிருந்தது. அவள் மலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். நேர்கோட்டுத் தூரம் வேறு, வழித்தூரம் வேறு என்று அந்தப் பருவத்தின் இரண்டாவது பாடத்தில் நானே நடத்தியிருக்கிறேன், கரும்பலகையில் படம் போட்டு. ஊருக்குத்தான் உபதேசம். ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவளைக் கேட்டபோது, படம் போட்டது நீங்கள்தானே மிஸ், உங்களுக்குத் தெரியாததா என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு கீரிப்பாறைக்குப் பஸ் ஏறினேன். வழி முழுவதையும் கைப்பேசியின் ஜி.பி.எஸ்.ஸில் பதிவு செய்ய வேண்டும். குளச்சல்காரி கைப்பேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடியே வந்ததைப் பார்த்து, வீட்டுக்குப் போய்ப் பேசக் கூடாதா என்று கண்டக்டர் வருத்தப்பட்டார். தடிக்காரன்கோணம் தாண்டியதும் பஸ் ஏறியது, வளைந்தது, நின்றது, இன்னொரு முறை வளைந்தது. இறங்கிய இடத்திலிருந்து லைன் வீட்டுக்கு முக்கால் மணி நேரம் நடை. அதை அந்தக் கீரிப்பாறைக்காரி தினமும் இரண்டு தரம் நடக்கிறாள்; காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தும் பிந்தித்தான் வருகிறாள். எங்களுக்கு ஒரு தரத்துக்கே நாக்கு தள்ளியது. ஆரல்வாய்மொழிக்காரி ஒருத்தி காலில் அட்டையைப் பார்த்து அலறியதில் பதிவு நின்றுபோய், முதல் வளைவு வரை திரும்பி நடந்தோம்.

கீரிப்பாறைக்காரியின் அம்மா ரப்பர் பால் வெட்டுகிறவர். பாலை அளந்து ஊற்றிவிட்டு வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் போய் ஏதோ சொன்னாள். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வட்டம் போட்ட மிஸ்ஸு நீங்கதானா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆமாம் என்றேன். ஜூனில் மகள் அழுததையோ, தினமும் விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்புவதையோ அவர் பேச்செடுக்கவே இல்லை. மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன்கறி ஊற்றி எட்டுப் பேருக்கும் கொடுத்தார். அட்டைக்காரியைப் பக்கத்தில் இருத்தி, காலில் உப்பு வைத்துவிட்டார். நான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கத்திலும் எனக்குப் பசிக்கும்.

திங்களன்று தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை வைத்துப் படம் போட உட்கார்ந்தோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பஸ் நிறுத்தத்துக்கு நடை, பஸ்ஸுக்குக் காத்திருப்பு, பஸ்ஸில் போகும் நேரம் என்று மாணவிகளே ஒரு வாரம் குறித்து வந்தார்கள். எல்லையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வகுப்பே வாதாடியது. காலை ஏழரைக்கு முன்னால் வீட்டை விட்டு இறங்க வேண்டியவளுக்குத்தான் கட்டில், அதாவது தொண்ணூறு நிமிடம் என்று சத்தமாகச் சொன்னது குளச்சல்காரிதான். கீரிப்பாறைக்காரிக்காக அவள் அவ்வளவு சூடாகப் பேசினாள். கட்டில்களின் கணக்குக்கும் தொண்ணூறு சரியாக வந்தது.

படம் வந்தது. வட்டம் போன இடம் தெரியவில்லை. கை பழகாதவள் ஊற்றிய தோசை மாதிரி ஒரு உருவம். பஸ் அடிக்கடி ஓடுகிற சாலைகளில் அது நீண்டு கிடந்தது, மலைப்பக்கம் ஒடுங்கிச் சுருங்கியிருந்தது. நேரக் கணக்கில் திருவனந்தபுரமும் அந்த லைன் வீடும் எங்கள் கல்லூரிக்கு ஏறக்குறைய ஒரே தூரம் என்று தெரிந்தபோது வகுப்பில் ஒரே ஆரவாரம். கீரிப்பாறைக்காரியின் புள்ளி எல்லைக்கு வெளியே நின்றது. அவள் முதல் முறையாகப் பல் தெரியச் சிரித்தாள்.

பிறகு ஆரவாரம் அடங்கியது. கடற்கரைப் பக்கம் நீண்டிருந்த அந்த உருவம் குளச்சலையும் உள்ளே எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு பஸ் மாறினாலும் எண்பத்திரண்டு நிமிடம்தான். மௌஸைப் பிடித்திருந்தவளின் சொந்தப் புள்ளி அது. ஒரு கட்டில் வேண்டுமென்றால் ஒரு கட்டில் காலியாக வேண்டும். அது அவளுடையது.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் பக்கத்தில் குனிந்து, தொண்ணூறு என்பது நாம் வைத்த கணக்குத்தானே, எண்பது என்று வைத்தால் என்ன என்று மெதுவாகக் கேட்டேன். பாடம் நடத்துகிற நான்தான் கேட்டேன்.

அவள் எண்பது என்று தட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"எனக்க கூட இன்னும் அஞ்சு பேரு வெளிய வருகாங்க மிஸ். அவ்வளவு கட்டிலு இல்ல. பெறவு எல்லாரும் லெட்டரு கொண்டு வருவாங்க. எனக்க வாப்பாவும் கொண்டு வருவாரு."

மறுபடியும் தொண்ணூறு என்று தட்டி, என்னைக் கேட்காமலே படத்தைச் சேமித்தாள்.

நான் படத்தை முதல்வரிடம் கொண்டுபோனேன். முதல் பட்டியலில் நடந்தது என் தவறு என்று சொன்னேன். வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை, அதனால் கொஞ்சம் திக்கியது. அந்த வாரமே இருவரும் இடம் மாறினார்கள். கீரிப்பாறைக்காரி மணி அடிக்கும் முன்பே வந்து முதல் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாள். குளச்சல்காரி விடிகாலையில் எழுந்து பஸ் பிடித்தாள். பஸ்ஸில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று வகுப்புக்குத் தினமும் செய்தி வாசித்தாள்.

ஒரு மழைநாளில் அவள் ஒன்பது மணிக்கு வரவில்லை. ஒன்பது பத்துக்கு நனைந்துபோய் வாசலில் நின்றாள். என் பேனா வருகைப் பதிவேட்டின் மேல் அப்படியே நின்றது. படம் தப்பாகிவிட்டதோ, இன்னொரு பிள்ளையின் வழியில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். பஸ் பிந்திவிட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்று சொன்னால் போதும், உள்ளே விட்டிருப்பேன்.

முதல் பெஞ்சில் இருந்தவளை ஒரு தரம் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்.

"பஸ்ஸு நேரத்துக்குத்தான் வந்துது மிஸ். நாந்தான் ஒறங்கிப் போனேன். ஆப்சென்ட் போடுங்க."

போட்டேன். அதைப் போட்டபோது அவளை நினைத்து எனக்கு இருந்த பெருமை, பாடத்தைக் கொண்டுவந்தது நான்தான் என்று சொல்லும்போதுகூட இருந்ததில்லை.