நெருப்பு சுடாத கால்

தொண்ணூறுகளில் மலேசியாவில், செலண்டார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கால்களின் விரல்களும் மரத்துக் கிடந்தன. சிலிப்பர் கழன்று விழுந்தால்கூடத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போக, எங்கள் கங்காணியான மண்டோரிடம் லீவு கேட்டேன். கோயில் தலைவரும் அவரேதான்.

"வெரலு மரத்துப்போச்சுன்னு லீவா? பூட்ஸு இறுக்கம்லா. ஆத்தாவுக்கு வேண்டிக்கிட்டுத் தீ மிதி, சரியாயிடும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எதிர்த்துப் பேச எனக்கு நாக்கு எழாது. காப்புக் கட்டி, விரதமிருந்து, பூக்குழியில் இறங்கினேன்.

சுடவே இல்லை. மற்றவர்கள் ஓடினார்கள், நான் நடந்தே கரையேறினேன். "பாத்தீங்களா, ஆத்தா இவன் கால்ல உக்காந்துட்டா!" என்று மண்டோர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். கொப்புளத்தோடு மறுநாளே பூட்ஸ் மாட்டி வேலைக்குப் போனேன். வலித்திருந்தால் போயிருப்பேனா? காலில் நாற்றம் வந்த பிறகு, மனைவி என்னை அலோர் காஜா ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் இருந்தார். "உங்களுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. நரம்பு கெட்டுப்போச்சு, அதுதான் சுடேல்ல. முதுகில நரம்பு நசுங்கினாலும், குடிச்சாலும், சத்துக் குறைஞ்சாலும் விரல் மரக்கும். மரத்த காலில புண் வந்தா ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. திடீரெண்டு ஒரு பக்கம் மரத்து, வாய் குழறினா, அந்த நிமிசமே ஓடி வரோணும்."

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். மண்டோர் பார்க்க வரவில்லை. "விரதத்துல ஏதோ தப்பு பண்ணிட்டான், ஆத்தா எடுத்துக்கிட்டா" என்று ஊரெல்லாம் சொன்னார். படுத்துக் கிடந்த நாளெல்லாம் அதையே மென்றுகொண்டிருந்தேன்.

அடுத்த திருவிழாவில் தீ மிதிக்க வேண்டிக்கொண்டவர்கள் வரிசையாக நிற்க, மண்டோர் அவர்களுக்குக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய்ச் சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டினேன்.

"நான் என்னா தப்பு பண்ணேன்? இவங்க முன்னால சொல்லுங்க மண்டோர். லீவு குடுக்காம மிதிக்க அனுப்புனது யாரு?"

"சாமி எடத்துல என்னா பேச்சு? அந்தப் பக்கம் போலா!"

நான் வரிசையைப் பார்த்துத் திரும்பினேன். "கால் மரத்தவங்க இருந்தா வெளிய வந்துருங்க. எனக்கு வந்தது அருள் இல்ல, சீனி."

லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் முதலில் விலகினார். அவர் பின்னால் இன்னும் சிலர். மஞ்சள் கயிற்றோடு மண்டோரின் கை அந்தரத்தில் நின்றது. அந்த முகம் கறுத்துச் சிறுத்ததை ஆசை தீரப் பார்த்தேன்.

"தம்பி, நாளைக்கு அலோர் காஜாவுக்கு என்கூட வர்றியா?" என்று அண்ணன் கேட்டார்.

"வர்றேண்ணே," என்றேன், மண்டோருக்கும் கேட்கும்படி.