உடைந்த சாமான்களுக்கு ஒரு மேசை

பல்கலைக்கழகத்தில் மேலிடம் புதிதாக எதையாவது யோசித்தால், அது கடைசியில் எங்களைப் போன்றவர்களின் தலையில்தான் வந்து விடியும். அந்த வருடம் வந்த யோசனை, துறைகள் தங்கள் ஊழியர்களை இரண்டு மாதத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது. ஒருவர் வேலையை மற்றவர் அறிய வேண்டுமாம். கிளிநொச்சியில் எங்கள் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் கலியாண வீட்டில் கண்டால் சிரிக்கிற அளவுதான் பழக்கம். எங்கள் மண் ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்த பெடியன் ஒருவன் அங்கே போக, அங்கிருந்து ஒரு பெண் எங்களிடம் வந்தாள். நான் புளியங்குளத்தில் விடிய பஸ் ஏறி வருகிறவள். புது ஆளைப் பழக்க எனக்கு எங்கே பொறுமை என்று அவள் வர முன்பே பொரியத் தொடங்கிவிட்டேன்.

அவளுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். ஸ்கந்தபுரத்தில் இருந்து ஸ்கூட்டியில் வருவாள். தகப்பன் சின்ன வயதில் மலையகத்தில் இருந்து வந்து, ஊரார் வயல்களில் கூலிக்கு நின்று, இப்போது சொந்தமாக வயல் செய்கிறவர். இவள் படித்துப் பட்டம் பெற்று, குடிசார் பொறியியல் துறையில் தற்காலிகப் போதனாசிரியராக இருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீடிப்புக் கிடைக்குமா என்று பார்த்துப் பார்த்தே வருடங்கள் போயிருந்தன. இரண்டு பீடத்திலும் எந்தத் துறைக்கும் போடக்கூடிய ஒரு நிரந்தர வேலைக்கான நேர்முகத் தேர்வு அந்த இரண்டு மாதத்துக்குள்தான் வர இருந்தது. தேர்வு செய்பவர்களில் எங்கள் துறைத் தலைவரும் ஒருவர்.

வந்த முதல் நாளே என்னிடம் கேட்டாள்.

"அக்கா, இஞ்ச கதவடியில வைக்க ஒரு சின்ன மேசை கிடைக்குமோ?"

"என்னத்துக்குப் பிள்ளை?"

"உடைஞ்ச சாமான் வைக்க."

"இன்னும் ஒண்டும் உடையேல்லையே!"

"உடையும்தானே அக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்காமல் விளங்கப்படுத்தினாள். "அங்க எங்கட வேலையே கொங்கிறீற் கட்டியை உடைச்சுப் பாக்கிறதுதான். எவ்வளவு பாரத்தில உடையுது, எதால உடையுது எண்டு. அப்பிடியே பழகிப்போச்சு. என்ன உடைஞ்சாலும் மேசையில வைச்சிடுவம். தேத்தண்ணி குடிக்கேக்குள்ள எல்லாரும் பாப்பம். ஆர் உடைச்சது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. ஏன் உடைஞ்சது எண்டுதான் கேப்பம்."

எங்கள் வழக்கம் வேறு. உடைந்த சாமான் சத்தமில்லாமல் பின்பக்கத்து அலுமாரிக்குள் போகும். வருடக் கடைசியில் கணக்கெடுக்க வருகிறபோது வெளியே வரும். அப்போது அது தானாக உடைந்ததாக இருக்கும். எங்கள் ஆய்வுகூடத்தைப் போல சாமான்கள் தாங்களாகவே உடைகிற இடம் இலங்கையிலேயே இருக்காது. தலைவர் பொல்லாத மனிதர் இல்லை. ஆனால் சாமான் என்றால் அவருக்கு உயிர். ஒன்று உடைந்தால் விசாரணை, விளக்கம் என்று ஒரு மாதம் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். பிறகு யார் வாயைத் திறப்பார்கள்?

மேசை கிடைத்தது. ஒரு வாரம் அதில் ஒன்றுமே வரவில்லை. பிறகு ஒருநாள் காலை, வாய் உடைந்த குடுவை ஒன்று யாருக்கும் தெரியாமல் வந்து இருந்தது. கழுவித் துடைக்கிற ஊழியர்தான் வைத்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் கேட்கவில்லை. தேநீர் நேரத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுந்து போய்க் குடுவைகளைக் காயவைக்கும் தட்டைத் தடவினாள். உள்ளே ஒரு ஆணி தலையை நீட்டிக்கொண்டு இருந்தது. எத்தனை குடுவைகளை அந்த ஆணி தின்றிருக்குமோ! சுத்தியலால் இரண்டு போடு போட்டாள், அலுவல் முடிந்தது. அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

நேர்முகத் தேர்வுக்கு முந்தின கிழமை அது நடந்தது. காலபோக நெல் விதைப்புத் தொடங்க முன் அக்கராயன் கமக்காரர்கள் தங்கள் வயல் மண்ணைப் பைகளில் கட்டிக் கொண்டுவந்து தந்திருந்தார்கள். மண்ணில் புளிப்புக் கூடவா குறையவா என்று சொல்லும் மீட்டரின் முனையில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். அவள் அதை முகவைக்குள் இறக்கும்போது விளிம்பில் தட்டிவிட்டது. தலைமயிர் அளவு வெடிப்பு. பக்கத்தில் நின்ற எனக்கே முதலில் தெரியவில்லை. மீட்டரும் வழமைபோல இலக்கம் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அவள் கொஞ்சம் தேசிக்காய்ப் புளியில் வைத்துப் பார்த்தாள், பிறகு சவர்க்காரத் தண்ணீரில் வைத்துப் பார்த்தாள். இரண்டுக்கும் ஒரே இலக்கம்.

நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். "உள்ளுக்க வையும் பிள்ளை. புதன்கிழமை இன்டர்வியூ முடியட்டும். பிறகு நான் சேருக்குச் சொல்லுறன்."

"அதுவரைக்கும் அக்கராயன் மண்ணை எதில பாக்கிறது?"

"பாக்காமல் விடுவம்."

"நாங்கள் விட்டாலும் பெடியள் பாப்பினம் அக்கா. நம்பர் வருகுதுதானே, எழுதிக் குடுத்திடுவினம். அந்த ஆக்கள் அதைப் பாத்துத்தான் பசளை போடுவினம்."

இரண்டு தரம் தலைவரின் அறைப் பக்கம் பார்த்துவிட்டு அதைக் கழற்றிக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "எங்கட இடத்தில எண்டால் இப்பிடி நிக்கத் தேவையில்லை. இஞ்ச ஆர் எண்டு கேப்பினம். கேட்டால் முதல்ல அந்தக் கழுவுற அண்ணாவைத்தான் கேப்பினம்" என்றாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு வருடம் காத்திருந்துவிட்டு ஒரு கிழமை பொறுக்க முடியாதா என்று இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தோடேயே அவளை நிமிர்ந்துதான் பார்த்தேன். பயம் இல்லாதவள் துணிவாக நடப்பது பெரிய காரியமில்லை. இவள் பயந்து பயந்து அதைச் செய்தாள்.

தலைவர் தேநீர் நேரத்தில் வந்தார். "ஆர்?"

"நான்தான் சேர்."

வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "ம்" என்றார். தேநீரைத் தொடாமல் அதையும் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னேரம் இன்னொரு துறையில் இருந்து இரவல் மீட்டர் ஒன்று வந்து சேர்ந்தது. இரண்டு நாளில் அக்கராயன் மண் முழுவதையும் அவளே பார்த்து முடித்தாள். தலைவரோ அவளோடு ஒரு கதையும் வைத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை நானும் கூடப் போனேன். கடைசியாகத்தான் அவளைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை. "உங்கட சேர் உடைச்சதைப் பற்றித்தான் அக்கா முதல் கேட்டவர். ஓம் எண்டு சொன்னனான்."

முடிவு ஏதும் தெரியவருமோ என்று நான்தான் அவளை இருத்தினேன். இருவரும் விறாந்தைக் கதிரையிலேயே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் கேட்டது. முதலில் எங்கள் தலைவர், பிறகு அவளுடைய துறைத் தலைவர். "அந்தப் பிள்ளை" என்பதும் "உடைச்ச" என்பதும் மட்டும் கதவைத் தாண்டி வந்தன. சத்தம் ஏறிக்கொண்டே போனது. அவள் என் கையைப் பிடித்தாள். "முடிஞ்சுது. வாங்கோ அக்கா, போவம்."

கதவு திறந்தது. எங்கள் தலைவர் முகம் சிவந்து வெளியே வந்தார். அவளைப் பார்க்காமல் என்னிடம் வெடித்தார்.

"தரமாட்டாராம்!"

"என்னத்தைச் சேர்?"

"இவவைத்தான். எங்கட துறைக்குத் தாங்கோ எண்டு எவ்வளவு கேட்டாச்சு! மனுசன் மசியிறாரில்லை. இரண்டு மாதத்துக்கு அனுப்பினதே பிழையாப் போச்சுதாம்."

அவள் மெல்ல எழுந்து நின்றாள். "சேர், அப்ப எனக்கு வேலை...?"

"வேலையோ? அது உமக்குத்தான் எண்டு, நீர் வெளியில வந்து கதவைச் சாத்தின உடனயே முடிஞ்ச கதை. உம்மை ஆர் வைச்சிருக்கிறது எண்டுதான் இவ்வளவு நேரமும் சண்டை. கடிதம் வருமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது." சொல்லிவிட்டு விறுவிறென்று படியிறங்கிப் போய்விட்டார்.

அவள் திரும்பவும் கதிரையில் அமர்ந்து, சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அழுதுகொண்டே, அவளை எங்களுக்குத் தராத அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.