வேலை செய்கிறாரா என்ற ஒரே கேள்வி

என் உத்தியோகத்தில் நான் செய்த பெரிய தவறு ஒரே ஒரு சொல். ‘குணம்’ என்று ஒரு நோயாளியின் விவரப் பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்போது நான் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியின் வேலைக் கொட்டகையில் இன்ஸ்ட்ரக்டர். நோயாளிகளுக்குப் பாய் முடையவும் கயிறு திரிக்கவும் சொல்லிக்கொடுப்பேன். பின்னாளில் இதையே ஆக்குபேஷனல் தெரபி என்று கல்லூரியில் பாடம் நடத்தினேன், ஆராய்ச்சியும் செய்தேன். நாற்பதுகளில் அந்தப் பெயர்கூட எங்களுக்குப் பழக்கமில்லை. யுத்தம் முடிந்த சமயம். டிஸ்சார்ஜ் ஆனவர்கள் ஊரில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவர எங்கள் டாக்டர் ஆட்களை அனுப்பினார். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் என் பங்குக்கு வந்தது. பாரத்தில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: வேலை செய்கிறாரா? ஆம் என்றால் ‘குணம்’ என்று எழுதி பைலை மூடலாம். இல்லை என்றால் மறு அட்மிஷனுக்குச் சிபாரிசு செய்யலாம்.

அரியலூர்

பெரியசாமிக்கு முப்பது வயது இருக்கும். எட்டு மாதம் என் கொட்டகையில் இருந்தவர். டிஸ்சார்ஜ் ஆனபின் தாய்மாமன் வீட்டில் இருந்தார். அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போனேன். வயல் கிணற்றில் கவலை ஏற்றத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நாளு சும்மா இருக்கறதில்லீங்க” என்றார் மாமன். “விடிஞ்சா பூட்டிட்டான்னா பொழுது சாயற வரைக்கும் அவன்தான். மாட்டத்தான் மாத்துவோம், அவன மாத்தறதில்ல.”

நானும் சேர்ந்து சிரித்தேன். “எப்படி இருக்கீங்க பெரியசாமி?” என்று கேட்டேன். “நல்லா இருக்கான்” என்று மாமன் சொன்னார். நான் பாரத்தை எழுதிக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

சில மாதம் கழித்து மறுபடி அந்தப் பக்கம் போனபோது கவலையில் வேறு ஆள் நின்றார்.

“போயிட்டான் சார்” என்றார் மாமன். “யார்கிட்டயும் சொல்லிக்கல. ரயிலேறிட்டான்னு ஸ்டேஷன்ல பாத்தவங்க சொன்னாங்க. விருத்தாசலம் வரைக்கும் போய்த் தேடிட்டு வந்தேன். நல்லாத்தான் வேலை செஞ்சிட்டிருந்தான். என்ன கொறை வச்சோம்னு தெரியல.”

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே கலங்கிப் போயிருந்தார். எனக்கோ வேறொரு நினைப்பு உறுத்தியது. முதல் தடவை வந்திருந்தபோது பெரியசாமியின் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட நான் கேட்கவில்லை. கடைசிவரை அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை.

குரும்பலூர்

மறுநாள், பெட்ரோல் இல்லாமல் கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில் பெரம்பலூர் போய், அங்கிருந்து குரும்பலூருக்கு நடந்தேன். செல்லம்மாள் என்ற பெண்ணைப் பார்க்க வேண்டும். அண்ணன் ராமசாமியின் வீட்டில் இருந்தார். தங்கையைத் திரும்ப அட்மிட் செய்யும்படி ராமசாமி ஏற்கெனவே கடிதம் போட்டிருந்தார்.

“ஒரு வேலையும் செய்யறதில்லீங்க. வச்ச எடத்துல இருக்கா” என்றார்.

அரிவாள்மணையைத் தொட விடுவதில்லை, அடுப்பண்டை விடுவதில்லை, கிணற்றுப் பக்கம் விடவே விடுவதில்லை. போன வருஷம் ஊர்க் கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரை ராமசாமியின் மனைவி அஞ்சலைதான் இழுத்து வந்தாராம்.

பாரத்தின்படி என் வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆனால் எழுதக் கை வரவில்லை. அண்ணனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுச் செல்லம்மாள் எதிரில் உட்கார்ந்தேன். என்ன செய்யப் பிடிக்கும் என்று கேட்டேன். பதில் இல்லை. பெரம்பலூர்ச் சத்திரத்தில் தங்கி மறுநாளும் வந்தேன். அன்றும் இல்லை. மூன்றாம் நாள் தலையைத் தூக்காமல் சொன்னார்.

“தண்ணிக்குப் போவணும்.”

“கெணத்துக்கா? ஏம்மா?”

“அங்கதான் எல்லாரும் பேசிக்குவாங்க. இந்த வூட்டுல யாரும் எங்கிட்ட பேசறதில்ல.”

“போன வருஷம் எட்டிப் பாத்தீங்களே?”

“அன்னிக்கு மனசு சரியில்ல. இப்ப அப்படி இல்ல.”

வெளியே போய் இதைச் சொன்னதும் ராமசாமிக்குக் கோபம் வந்தது. “வுழுந்துட்டா நீங்களா சார் வந்து பதில் சொல்லுவீங்க?”

 அஞ்சலைதான் பேசினார். “நான் கூடப் போறேன். நான் எறைச்சுத் தரேன், அது தூக்கியாரட்டும். மேட்டுல மட்டும் ஏறக் கூடாது.”

மறுநாள் காலை இருவரும் குடத்தோடு போனார்கள். நான் தள்ளி ஒரு புளியமரத்தடியில் நின்றேன். அஞ்சலை, செல்லம்மாளின் முந்தானை நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிப் பிடித்திருந்தார். கிணற்றடியில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தி ஒதுங்கினார்கள். செல்லம்மாள் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றார். இவரை இங்கே அனுப்பியது தப்போ என்று நினைத்தேன்.

கடைசியில் ஒருத்தி சொன்னாள்: “குடத்தக் கீழ வையி செல்லம்மா. எவ்வளவு நேரம் தூக்கிட்டு நிப்ப?”

செல்லம்மாள் குடத்தை இறக்கினார். பிறகு அவளைப் பார்த்து, “ஒம் மவனுக்குக் காச்ச வுட்டுடுச்சா?” என்று கேட்டார்.

அஞ்சலை சட்டென்று திரும்பிப் பார்த்தார். அந்தப் பையனுக்குக் காய்ச்சல் என்று வீட்டில் யாரும் செல்லம்மாளிடம் சொல்லியிருக்கவில்லை. வச்ச இடத்தில் இருந்தபடியே தெருவில் நடந்ததையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

டாக்டர் என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, “தண்ணி எடுக்கப் போனதுக்கு ரெண்டு பக்கமா எழுதுவீங்க?” என்றார். அரியலூரில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னேன்.  அடுத்த தடவை அச்சாகி வந்த பாரத்தில், ‘என்ன செய்ய விரும்புகிறார்? அவரையே கேட்டு எழுதவும்’ என்று ஒரு வரி கூடியிருந்தது.

செல்லம்மாள் முழுக்கக் குணமானார் என்று சொல்ல மாட்டேன். சில சமயம் ஒரு வாரம் படுத்துவிடுவார். அப்போது அஞ்சலை தனியாகப் போவார். எழுந்ததும் இருவரும் சேர்ந்து போவார்கள். நான் போய்ப் பார்த்த வருஷங்கள் வரை அவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பவில்லை.

வேலை மருந்தாகும் என்று இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லித்தருகிறோம். யாரைக் கேட்டு அந்த மருந்தைக் கொடுத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டார் பதில் உடனே வந்துவிடும். நோயாளி பதில் சொல்ல மூன்று நாள் ஆகுமென்றால், மூன்று நாள் உட்காருங்கள்.