ஒரே பூவுக்கு இரண்டு கேள்விகள்

நம் கோயில் தெய்வமான அம்மாளை நம்பி வாழ்கிற என் உறவுகளே, அவள் எனக்குச் செய்ததை எழுதித் தரும்படி கோயிலில் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அந்த ஆவணி மாதம் டொக்டராகும் படிப்பு என் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. இருந்தும் நான் ஒவ்வொரு நாளும் அழுதேன்.

ரஷ்யாவில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் எனக்குப் புலமைப்பரிசிலோடு இடம் கிடைத்திருந்தது. கொழும்பில் நடந்த நேர்முகத் தேர்வுக்கு அப்பாவோடு போய் வந்திருந்தேன். படிப்பையும் தங்குமிடத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஆவணி முடிவதற்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

மறுபக்கம், உயர்தரப் பரீட்சையில் எனக்கு நல்ல புள்ளிகள் வந்திருந்தன. போன வருடம் எங்கள் மாவட்டத்துக்கு வந்த மருத்துவ வெட்டுப்புள்ளியை விடச் சற்றுக் கூட. இந்த வருட வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி, இன்னும் வரவில்லை. யுத்தத்தால் எல்லாமே பிந்திப் போன காலம். தை மாதம் என்றார்கள், பிறகு சித்திரை என்றார்கள். வருடா வருடம் அது ஏறிக்கொண்டே போனது. எனக்குக் கூட இருந்த அந்தக் கொஞ்சம் போதுமா என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை. கிடைத்தாலும் அநேகமாக யாழ்ப்பாணம்தான். தரைப்பாதை மூடிக் கிடந்தது. எங்கள் துறைமுகத்திலிருந்து கப்பலில்தான் போக வேண்டும். அந்தக் கப்பல் எப்போது வெளிக்கிடும், போய்ச் சேருமா என்பதெல்லாம் கடவுளுக்குத்தான் தெரியும்.

உயர்தரத்தை மூன்று முறைதான் எழுதலாம். முதல் முறை பாதிப் பரீட்சையில் ஊரை விட்டு ஓடினோம். இரண்டாம் முறை போதவில்லை. இது என் மூன்றாம் முறை. ரஷ்யாவை விட்டுவிட்டு இங்கேயும் கிடைக்காமல் போனால், டொக்டர் என்ற கதையே அத்தோடு முடிந்துவிடும்.

நான் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவள். அப்பா கடலுக்குப் போகிறவர். கடற்படையிடம் பாஸ் எடுத்து, அவர்கள் சொன்ன நேரத்துக்குள் கரைக்குத் திரும்ப வேண்டும். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டுக்கு மேசையும் கதிரையும் வந்ததே நான் படித்ததால்தான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அந்தப் பெருமைக்குள் எவ்வளவு தனிமை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாடத்தில் சந்தேகம் வந்தால் ஆசிரியரைக் கேட்கலாம். இதை யாரிடம் கேட்பது? என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களில் ஒருத்தி கனடா போய்விட்டாள். இன்னொருத்தி குடும்பத்தோடு வள்ளம் ஏறி இந்தியா போனாள், அங்கே முகாமில் இருப்பதாகக் கேள்வி. டவுனில் படிப்பித்த ஒரு சேர், "கையில வந்ததை விடாதையும் பிள்ளை" என்றார். இன்னொருவர், "இஞ்ச படிச்சாத்தான் மதிப்பு" என்றார். சொல்லிவிட்டு இருவரும் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அப்பாவிடம் கேட்டேன். வலையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீதானே படிச்சனீ. உனக்குத்தான் தெரியும்."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் என் வாழ்க்கையில் நான் கேட்ட சொற்களில் என்னை அதிகம் தனியாக்கியது அதுதான். அம்மாவோ, ரஷ்யா என்ற பேச்சு எழுந்தாலே எழும்பி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புது வள்ளம் இறக்குவதென்றாலும் கலியாணம் பேசுவதென்றாலும் அம்மாளிடம் பூக் கேட்போம். பூசாரி அம்மாளின் இரண்டு தோளிலும் ஈரப் பூ வைப்பார். எந்தப் பக்கத்துப் பூ விழுந்தால் என்ன பதில் என்று கேட்பவர் மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். பூ விழும் முன்னர் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் பதில் பழுது. ஒரு வீட்டுக்கு ஒரு காரியத்துக்கு ஒரு முறைதான் பூ.

ஆவணியின் கடைசி வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் தலை முழுகிவிட்டுப் போனோம். பூசாரி ஐயா இரண்டு செவ்வரத்தம் பூக்களை நனைத்து வைத்தார்.

"மனசில வைச்சாச்சோ?"

நான் தலையாட்டினேன். பக்கத்தில் அம்மாவும் தலையாட்டினார். வலது விழுந்தால் ரஷ்யா என்று நான் வைத்துக்கொண்டேன். மணி அடித்தது. கற்பூரப் புகையில் கண் எரிந்தது. நெடுநேரம் இரண்டு பூவும் அசையவில்லை. பிறகு வலதுபக்கத்துப் பூ மெல்லச் சரிந்து அம்மாளின் காலடியில் விழுந்தது.

அம்மா அதை வாங்கி என் தலையில் செருகினார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பல மாதங்களாகப் பார்க்கவில்லை.

"அம்மாள் சொல்லிட்டா மகள்."

"ஓம் அம்மா."

வீடு வரும் வரை அம்மா என் கையை விடவில்லை. அம்மாவுக்கும் சம்மதம், நான் போகலாம் என்று நினைத்தேன். இனி எதையும் நான் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை பதில் அனுப்ப டவுனுக்கு வெளிக்கிட்டேன். பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் பரமேஸ் மாமி மீன் கூடையோடு நின்றார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. பகிடி இல்லாமல் பேசவே தெரியாதவர்.

"என்ன டொக்டரம்மா, பஸ்ஸிலயோ பயணம்? இனிக் கப்பல்ல எல்லோ போகோணும்!"

"எந்தக் கப்பல் மாமி?"

"யாழ்ப்பாணக் கப்பல்தான், வேற எது? அம்மாள் உன்னை ரஷ்யாவுக்கு விடமாட்டன் எண்டு பூத் தந்திட்டாவாம். கொம்மா சந்தோசத்தில நிலத்தில நிக்கேல்ல. ஒண்டு சொல்லிப்போட்டன், கப்பல் ஆட்டத்தில வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்துப் போடாத. கடல்காரன்ர மகள் சத்தி எடுத்தா எங்கட கரைக்கெல்லோ வெட்கம்!"

பஸ் வந்தது. மாமி ஏறினார். நான் ஏறவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா குசினி வாசலில் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, வெள்ளிக்கிழமை நீங்க என்னத்தைக் கேட்டனீங்க?"

"வேற என்னத்தைக் கேக்கிறது? வலது விழுந்தா நீ இஞ்சயே படிக்கிற எண்டு."

"நான் வலது விழுந்தா ரஷ்யா எண்டெல்லோ கேட்டனான்!"

அம்மாவின் கத்தி நின்றது. முற்றத்திலிருந்து அப்பா சொன்னார்: "அம்மாள் பாவம். ரெண்டு பேரும் சேந்து அவவைக் குழப்பிப் போட்டியள்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலது என்றால் நல்லது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். நல்லது எது என்பதைத்தான் நாங்கள் ஒரு நாளும் பேசவில்லை.

"அப்ப எங்களை விட்டிட்டுப் போறதுக்கோ நீ பூக் கேட்டனீ?" என்றார் அம்மா.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. திரும்பவும் பூக் கேட்க ஏலாது. அம்மாளும் வாயை மூடிக்கொண்டாள் என்றுதான் தோன்றியது. எனக்கென்று இருந்த கடைசிக் கதவும் சாத்தியாயிற்று.

கோயிலுக்குப் போனேன். உச்சி வெயில். பூசை முடிந்து கதவு பூட்டியிருந்தது. மணல் காலைச் சுட்டது. ஒருவரும் இல்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் இருந்து, என் வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டேன். சத்தமாகவே கேட்டேன்.

"ரஷ்யாவோ யாழ்ப்பாணமோ, எதைத் தந்தாலும் போறன் அம்மாளே. ஆனா இதை என்னால தனிய முடிவெடுக்க ஏலாது. ஆரையாவது அனுப்பு. எனக்குக் கதைக்க ஒரு ஆள் வேணும்."

படித்த ஒருவரை அனுப்புவாள் என்று நினைத்தேன். டவுனில் இருந்து ஒரு டொக்டரை, ஒரு பேராசிரியரை. அப்படித்தான் என் மனம் அன்றைக்கு இருந்தது.

எனக்குப் பின்னால் மணலில் காலடி கேட்டது. அம்மா. கையில் மீன் செதில் ஒட்டியபடி ஓடி வந்திருந்தார். நான் கேட்டதெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. என் பக்கத்தில் இருந்தார். மூச்சு வாங்கினார்.

"உந்தப் படிப்பைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. பிழையா எதையும் கேட்டா நீ சிரிப்பாய் எண்டுதான் நான் வாய் திறக்கேல்ல. இப்ப சொல்லு. நான் கேக்கிறன்."

சொன்னேன். ரஷ்யாவில் முதல் வருடம் பாஷை படிக்க வேண்டும், பிறகு ஆறு வருடம், திரும்பி வந்தால் இங்கே வேலை செய்ய ஒரு பரீட்சை. ஆனால் அந்த இடம் நிச்சயம். இங்கே எதுவும் நிச்சயமில்லை.

"அங்க வருத்தக்காரர் நோவை என்ன பாஷையில சொல்லுவினம்?"

"ரஷ்யப் பாஷையில."

அம்மா கையில் ஒட்டியிருந்த செதிலைத் தட்டிவிட்டார். "போன மாரி காலத்தில ஆஸ்பத்திரியில நெஞ்செல்லாம் எரியுது எண்டு நான் சொல்ல, அந்த டொக்டருக்கு விளங்கேல்ல. பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்துக் கட்டில்காரிதான் சொல்லிக் குடுத்தவ." பிறகு, "இஞ்ச கிடைக்காட்டி?" என்றார்.

"ஒண்டுமில்லை அம்மா. அவ்வளவுதான்."

அம்மா என்னைப் பிடித்து வைக்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: "நீ ரஷ்யா போனா நான் அழுவன். அழுதழுது அனுப்புவன். என்ர அழுகையைப் பாத்து முடிவெடுக்காத. இஞ்ச இருக்கிறதெண்டா, அந்தப் புள்ளி வரும் வரைக்கும் நானும் உன்னோட இருந்து பாக்கிறன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ரஷ்யாவைக் கேட்டது படிப்புக்காக அல்ல. காத்திருக்க ஏலாமல். ஒரு பதிலும் இல்லாத மாதங்களைத் தனியாகக் கழிக்கப் பயந்து கேட்டேன். இப்போது பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார்.

வரவில்லை என்று பதில் அனுப்பினேன். என் இடத்துக்கு வேறொருவர் போனார்.

காத்திருப்பு இலேசாக இருக்கவில்லை. மழைக்காலம் முழுக்கக் கடல் கொந்தளித்தது, அப்பாவுக்குப் பாஸும் இல்லை. "வந்ததோ?" என்று அப்பா கேட்பார். "இல்லை" என்று எனக்கு முந்தி அம்மா சொல்வார். நான் சொல்ல வேண்டிய அந்த 'இல்லை'யை அவர் வாங்கிக்கொண்டார். பாடம் மறக்காமலிருக்க உடலுறுப்புகளைப் பற்றி அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மீன் வெட்டும்போது, "இது ஈரல், இது இதயம், சரியோ டொக்டர்?" என்பார்.

பங்குனியில் வெட்டுப்புள்ளி வந்தது. ஏறியிருந்தது. ஆனால் நான் உள்ளே இருந்தேன், மயிரிழையில். யாழ்ப்பாண மருத்துவ பீடம். அம்மா குளறி அழுத சத்தம் கேட்டு, யாரோ கடலில் போய்விட்டார்கள் என்று நினைத்துச் சனம் ஓடி வந்தது.

கப்பல் ஏறும் நாள் அப்பாவும் அம்மாவும் துறைமுகச் சோதனைச் சாவடி வரை வந்தார்கள். அதற்கு மேல் விடவில்லை. அப்பா கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: "முன்னுக்கு இராத பிள்ளை. நடுவில இரு. ஆட்டம் குறைவு." படிப்பு விஷயத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் புத்தி அது. நான் நடுவில்தான் இருந்தேன். கரை மறையும் வரை அம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

இன்று நான் நான்காம் வருடம். தனிமை முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இங்கே யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை; ஊரில் குண்டு விழுந்தது என்று கேள்விப்பட்டால் நல்ல செய்தி வரப் பல கிழமை ஆகும். அந்த நாட்களில் நெஞ்சு காய்ந்து போகும். ஆனால் ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு வயதான பெண் என் கையைப் பிடித்துத் தன் நோவைச் சொல்லும்போது, ஒரு சொல்லும் தவறாமல் எனக்கு விளங்குகிறது. அம்மாள் என்னை இங்கே வைத்திருப்பது ஏன் என்று அப்போது கேள்வி வருவதில்லை.

உறவுகளே, பூ பொய்யாகிவிட்டது என்று ஊரில் சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த ஒரு பூ விழுந்திராவிட்டால் அம்மாவும் நானும் இன்றைக்கும் கதைத்திருக்க மாட்டோம். நான் துணை கேட்டேன், அம்மாள் துணை தந்தாள். என் வீட்டிலேயே இருந்த ஆளைத்தான் அனுப்பினாள். உங்களுக்கும் வழி தெரியாத நாள் வரும். அவளிடம் போங்கள். போகும்போது பக்கத்தில் நிற்பவருக்கும் உங்கள் மனதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்போது இங்கே கோயிலுக்குப் போனாலும் நான் வாய்விட்டுத்தான் கேட்கிறேன். பக்கத்தில் கும்பிடுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.