பனியனில் மூன்று ஏக்கர்

போன வாரம் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு போனபோது பக்கத்து வீட்டுப் பெண் மாயா என்னை நிறுத்தினாள். காலேஜ் லீவுக்கு வந்திருப்பவள், பழைய துணிகளை வாங்கி ஆன்லைனில் விற்கிறவள். "அங்கிள், ஓ மை காட், இஸ் திஸ் ரியல்?" என்று நான் போட்டிருந்த, படம் அச்சடித்த பழைய பனியனைக் காட்டினாள். இந்த வயதில் என் நெஞ்சை உற்றுப் பார்க்க டாக்டர் மட்டும்தான் மிச்சம் என்று நினைத்திருந்தேன். அவள் கைப்பக்கத்து மடிப்பைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். "சிங்கிள் ஸ்டிட்ச்!" ஒற்றைத் தையல் இருந்தால் அசல் பழைய பனியன் என்று அர்த்தம்.

அப்படித் தையலைத் திருப்பிப் பார்ப்பதை எனக்குக் காட்டித் தந்தவர் ரே.

எட்டாவதோடு பள்ளிக்கூடமும் நானும் சண்டையில்லாமல் பிரிந்துவிட்டோம். அப்பாவின் மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கப் பயந்து சமையலுக்கு ஓடினேன். ஓடி ஓடி கலிபோர்னியாவில் சன்னிவேலில், எல் காமினோ ரோட்டில் ஒரு ஓட்டலின் தோசைக்கல் முன்னால் வந்து நின்றேன். கூட வேலை பார்த்த செல்வம் ராத்திரி முழுக்க ஊருக்கு போன் பேசுவான். எனக்குப் போன் பேச ஆள் இல்லை. வாரம் பூராவும் என் காதில் விழுந்த பேச்சு "ரெண்டு மசாலா, ஒரு ரவா" மட்டும்தான். அதற்குப் பதில் சொல்லவும் தேவையில்லை, தோசையை நீட்டினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி பழைய சாமான் சந்தைக்குப் போவேன். வாங்க இல்லை, நாலு மனுசர்களைப் பார்க்க. அங்கேதான் வெள்ளைத் தாடியும் கயிறு கட்டிய கண்ணாடியுமாக ரே, அட்டைப்பெட்டி நிறைய பழைய பனியன்களோடு உட்கார்ந்திருந்தார். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். எங்கள் ஆத்தூர்க் காடு! நெஞ்சு நிறைய அச்சடித்த, விரல் விரித்த பச்சை இலை. மரவள்ளி.

எனக்கு இருந்த இங்கிலீஷை எல்லாம் ஒரே மூச்சில் செலவு பண்ணினேன். "மை ஃபாதர். திஸ் லீஃப். த்ரீ ஏக்கர்."

ரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "த்ரீ ஏக்கர்ஸ்?"

"எவ்ரிபடி. ஹோல் வில்லேஜ்."

"போலீஸ்?"

"போலீஸ் ஆல்ஸோ ஈட். ஈவ்னிங். வித் சில்லி." எங்கள் ஊர் ஸ்டேஷனில் சாயங்கால டீக்கு வேகவைத்த கிழங்குதான். அதைத்தான் சொன்னேன்.

"அண்ட் தென்?"

"தென் ஃபேக்டரி. ஒயிட் பவுடர். லாரி, லாரி." ஜவ்வரிசி மாவுக்கு இங்கிலீஷ் யாருக்குத் தெரியும்?

ரே மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். அந்தப் பனியனுக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்த வாரம் எனக்கென்று ஒன்று எடுத்து வைத்திருந்தார். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. செடியை விடுதலை செய் என்று ஒன்று, பூங்காவில் ஏதோ ஊர்வலம் என்று ஒன்று. வாலிப வயதில் தன் கராஜில் அவரே அச்சடித்தவையும் அதில் உண்டாம். பெயின்ட் வெடித்திருந்தால்தான் அழகு, துணி வெங்காயத் தோல் மாதிரி ஆகியிருந்தால்தான் மதிப்பு என்று சொல்லித் தருவார். ஒரு செடிக்காக இவ்வளவு பேர் ஊர்வலம் போன தேசமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊரில் கிழங்கு விலை விழுந்தால்கூட இத்தனை பேர் கூடமாட்டார்கள்.

ஒருநாள் துவைத்துக் காயப்போட்டிருந்ததைச் செல்வம் பார்த்துவிட்டான். வியாசர்பாடிக்காரன்.

"யோவ், இது இன்னா எலன்னு தெர்தா?"

"மரவள்ளி."

"மரவள்ளியா! கஞ்சாய்யா இது! ஓரத்துல பாரு, ரம்பம் மாரி பல்லு. உங்கூர்ல மரவள்ளிக்குப் பல்லு மொளைக்குதா? இத்த போட்டுகினா கோயிலுக்குப் போன?"

போனேன். குருக்கள் எனக்கு மட்டும் இரண்டு தடவை விபூதி கொடுத்தார். பக்தியைப் பார்த்துக் கொடுக்கிறார் என்று பெருமையாக நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிறு உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கடை முன்னால் இரண்டு மடக்கு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் ரே. இன்னொன்று எனக்காம். புதிதாக வாங்கியிருந்தார். போகிறவர் வருகிறவரிடம், "திஸ் மேன்ஸ் ஃபாதர்! த்ரீ ஏக்கர்ஸ்!" என்று என்னை அறிமுகம் செய்தார். என் அப்பாவைப் பற்றிய பேச்சை அமெரிக்காவில் அதற்கு முன் யாரும் எடுத்ததில்லை. அப்பா போட்டது கஞ்சா இல்லை, வெறும் கிழங்கு என்று சொன்னால் அந்த நாற்காலி மடங்கிவிடும். உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, நாற்காலி வசதியாகவே இருந்தது.

சில வருஷம் அப்படியே போயிற்று. ஒரு ஞாயிறு, கிளம்பும்போது செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்தார். அச்சடித்த மை அவர் கைவிரலில் இன்னும் ஒட்டியிருந்தது. "வீட்டில் போய்ப் பிரி" என்று சைகை காட்டினார். கை கொஞ்சம் நடுங்கியது. நான் அதைக் குளிர் என்று நினைத்தேன்.

ரூமில் பிரித்தேன். புத்தம் புதுப் பனியன். அதே பச்சை இலை, ஆனால் ஓரத்தில் பல் இல்லை. இலைக்குக் கீழே தண்டு, தண்டுக்குக் கீழே மண், மண்ணுக்குள் கொத்தாக ஐந்தாறு கொழுத்த கிழங்குகள்.

எப்போது தெரிந்துகொண்டார் என்று கேட்க அடுத்த ஞாயிறு ஓடினேன். அந்த இடம் காலியாக இருந்தது. அதற்கடுத்த வாரம் செருப்புக்கடை வந்துவிட்டது. உடம்பு முடியாமல் எங்கோ சேர்த்திருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். எங்கே என்று தெரியவில்லை. முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது. ரே, அவ்வளவுதான்.

பிறகு கலிபோர்னியாவில் அந்தச் செடிக்கு நிஜமாகவே விடுதலை கிடைத்தது. நகைக்கடை மாதிரி விளக்குப் போட்டு விற்கிறார்கள். சந்தையில் பாதியை வளைத்து அபார்ட்மெண்ட் கட்டுகிறார்களாம். செல்வம் ஊருக்குப் போய்விட்டான். நான் இந்த டெக்ஸஸுக்கு வந்து ஃபிரிஸ்கோவில் கேட்டரிங் பண்ணுகிறேன். கல்யாணம் நிறையப் பண்ணியிருக்கிறேன், எல்லாம் சமையல் கான்ட்ராக்ட்.

மாயா என் கராஜில் ரே கொடுத்த பனியன்கள் இருந்த பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் தையலைத் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் அந்தக் கிழங்குப் பனியன் வந்தது.

"வாட் ஈவன் இஸ் திஸ், அங்கிள்? கேரட்?"

"மரவள்ளிக் கிழங்கும்மா. எங்கப்பா மூணு ஏக்கர் போட்டிருந்தாரு."

"ஓ, நைஸ்." போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பட் இட்ஸ் நாட் வின்டேஜ். நோ வேல்யூ."

மற்றதையெல்லாம் அவளையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவள் போனதும் அந்தக் கிழங்குப் பனியனை மட்டும் போட்டுக்கொண்டு மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தேன். எதிர் வீடுகளின் கராஜ் கதவுகள் எல்லாம் மூடியிருந்தன. "த்ரீ ஏக்கர்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க யாரும் இல்லை.