முட்டை அறையில் ஒரு ஆலோசகர்

பிள்ளைகளிடம் முப்பது வருஷம் "வாயை மூடு" என்று சொன்னவனைப் பிடித்து, அவர்களை மனசு திறந்து பேச வை என்று உட்கார வைப்பதற்குப் பெயர்தான் பள்ளி ஆலோசகர் பணி. அரசுப் பள்ளியில் காலம் தள்ளும் வாத்தியார்களே, இது உங்களுக்கும் வரும். தப்ப முடியாது.

நியமனம்

பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. நான் கணக்கு வாத்தியார். பள்ளிக்கு ஒரு ஆலோசகர் வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆள் அனுப்பவில்லை. இருக்கிறவர்களில் ஒருவரை ஆக்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை, பொறுமையும் கிடையாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. "உங்களுக்கு ரிட்டயர்மென்ட் பக்கத்துல வந்தாச்சு சார். இனி கெட்டுப்போக என்ன இருக்கு?"

வீடியோ

முதலில் மொபைலில் பாடம், எல்லா வாத்தியாருக்கும். வீடியோக்களை முழுக்க ஓடவிட்டால்தான் அடுத்த கட்டம். ஓய்வறைக்குப் போனேன். மேஜை மேல் எல்லாருடைய போனும் வரிசையாகக் கிடந்தது. எல்லாவற்றிலும் அதே பாடம், சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் வகுப்பில் இருந்தார்கள்.

அன்றைய தலைப்பு, காது கொடுத்துக் கேட்பது எப்படி. இதையாவது சத்தம் வைத்துக் கேட்கக் கூடாதா என்று விஞ்ஞான வாத்தியாரிடம் கேட்டேன். "சத்தம் வெச்சா பேட்டரி இறங்குது சார்."

அறை

ஆலோசனைக்குத் தனி அறை வேண்டும். இருந்தது ஒன்றுதான். மதிய உணவு முட்டைகளை அடுக்கி வைக்கிற அறை. அங்கே நாற்காலி போட்டார்கள். பிள்ளைகள் முட்டை உரிக்க வருவார்கள். கை வேலையாக இருந்தால் வாய் தானாகப் பேசுகிறது. அப்பா குடிப்பது, அண்ணன் அடிப்பது, எல்லாம் ஓட்டோடு ஓடாக வந்து விழும். நான் "ம்" கொட்டுவதோடு சரி.

ஒன்பதாவது படிக்கும் கவிதாவும் வருவாள். எதையோ சொல்ல வருவாள், விழுங்குவாள். ஒரு நாள், "ஓசூர் மாமா வந்திருக்காரு சார்" என்றாள். மேலே பேசவில்லை. நானும் தோண்டவில்லை.

அந்த வாரமே ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். முட்டை நாற்றம் என்று மூக்கைப் பிடித்தார். முட்டை வெளியே போனது. வாசலில் 'மனநல ஆலோசனை மையம்' என்று பெரிய போர்டு வந்தது. மறுநாளிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. கவிதாவையும் காணோம். வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன். "அந்த ரூமுக்குள்ள போனா ஹுச்சின்னு கூப்பிடுவாங்க சார்." கன்னடத்தில் பைத்தியக்காரி.

மதியக் கையெழுத்து

போர்டைக் கழற்றி, முட்டையைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் கவிதா வந்தாள். உரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். கோடை லீவில் அவளுக்கும் ஓசூர் மாமாவுக்கும் கல்யாணம். அம்மாவை நாளைக்குக் கூட்டி வா என்றேன்.

நாளைக்கு எனக்குப் பயிற்சி என்று சாயங்காலம்தான் உத்தரவு வந்தது. சிவாஜிநகர் பக்கம் ஒரு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை நம்மைத் தேடி வரும்போது நாம் அங்கே இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. கவிதாவின் அம்மா பள்ளியில் காத்திருக்கிறாள், அரை நாள் பர்மிஷனாம். எழுந்தேன். பயிற்சியாளர் வாசல் வரை ஓடி வந்தார். "சார், மதியக் கையெழுத்து போடாம போனா, நீங்க இன்னைக்கு வரவே இல்லைன்னு ஆயிடும்."

அம்மா

கார்மென்ட்ஸில் தையல் வேலை. அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. ஆறுதலாக ஆரம்பிக்க வேண்டும் என்பது பயிற்சி. "கல்யாணம் நடந்தா போலீஸ்ல புகார் கொடுக்கிற முதல் ஆள் நான்தாம்மா" என்று ஆரம்பித்தேன்.

"குடுங்க சார். நான் வீடு வந்து சேர ஏழாகுது. ஒத்த ரூம். சுத்தி பூரா பேச்சிலர் பசங்க. போன மாசம் ஒருத்தன் கதவைத் தட்டியிருக்கான். ஏழு மணி வரைக்கும் பொண்ணை யாரு பாத்துப்பா? நீங்களா?"

இந்தக் கேள்வி எந்த வீடியோவிலும் இல்லை. "நான்தான்" என்றேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இன்னும் ஆறு பேரைச் சேர்த்து, தினமும் ஏழு மணி வரை கணக்கு வகுப்பு. கேட்டில் வந்து கூட்டிக்கொண்டு போகலாம். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு வீடு வாசல் இல்லையா சார்?"

மெமோ

பயிற்சியைப் பாதியில் விட்டதற்கு விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். பிடிக்கவில்லை. ஆலோசகர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். கவிதா இப்போது பத்தாவது. ஏழு மணி வகுப்பில் அல்ஜீப்ராவைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மாமாவுக்கு வேறு இடத்தில் பெண் அமைந்துவிட்டது. மெமோவைப் படித்துவிட்டுத் தலைமையாசிரியை சொன்னார்: "விடுங்க சார், இனி பயிற்சி பயிற்சின்னு உங்களைக் கூப்பிட மாட்டாங்க."

ஆக, அரசாங்கக் கணக்கில் இந்தப் பள்ளிக்கு இப்போது ஆலோசகரே கிடையாது, அதனால்தான் பேச வருகிற பிள்ளைக்கு எந்த நாளும் ஆள் இருக்கிறது.